ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துணி

சொட்டுகிற குழாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் சத்தம் வராது. தண்ணீர் நூல் வழியாக வழுக்கிக்கொண்டு வாளிக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு யோசனையை மட்டும் யோசனை அக்கா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அந்தக் கட்டடத்தின் நான்கு மாடியிலும் குழாய்கள் சொட்டின. நான்கு மாடியிலும் நூல்கள் தொங்கின. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. சத்தம் போடாத குழாயை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. துணிக்கடையின் வருகைப் பதிவேட்டில் அதைப் பார்க்கலாம். மற்றபடி கடையிலும் கட்டடத்திலும் அவள் யோசனை அக்காதான். கடையின் பின்பக்க அறையில், பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, போன ஜிப்பை மாற்றுவது என்று பதினாறு வருஷமாகத் தையல் மெஷின்மேல் குனிந்தவள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். ஜிப் இறுகினால் பென்சிலால் தேய். டப்பா மூடி திறக்கவில்லையா, ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுத் திருகு. ஹோல்டரிலேயே பல்பு உடைந்து மாட்டிக்கொண்டதா, மெயினை அணைத்துவிட்டுப் பாதி உருளைக்கிழங்கை அழுத்தித் திருப்பு. காய் நறுக்கும் பலகை வழுக்குகிறதா, அடியில் ஈரத்துணி போடு. கேட்டவர்கள் "அட, இது தெரியாமப் போச்சே" என்பார்கள். அந்த 'அட'வில் அக்காவுக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு. இல்லை என்றால் பொய்.

அவள் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. யார் வீட்டில் எது நின்றுபோனாலும் கம்பெனிக்குப் போன் பண்ணுவார்கள், கம்பெனி சீட்டு எழுதிக் கொடுக்கும், இவர் பையை மாட்டிக்கொண்டு போவார். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வாடிக்கைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. "பத்து நிமிஷம் வந்தா போதும், எல்லாம் சரியாயிடும்" என்று அவரைக் கேட்டு வாங்கிக்கொள்கிற வீடுகள் உண்டு. மின்சாரம் மட்டுமில்லை, போன இடத்தில் குழாய் ஒழுகினால் அதையும் முடுக்கிவிட்டு வருவார், கதவு தரையில் தட்டினால் அதையும் இழைத்துவிட்டு வருவார். அவ்வளவு நல்ல மனிதர்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான். நாளைக்கு.

கல்யாணமான புதிதில் அலமாரி இழுப்பறை மாட்டிக்கொண்டது. நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். நாலு நாள் பார்த்துவிட்டு அக்கா மெழுகுவர்த்தியைத் தேய்த்து இழுப்பறையை வழிக்குக் கொண்டுவந்தாள். "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. இருபது வருஷத்தில் ஆடுகிற நாற்காலிக் காலுக்கு ஒரு பழைய சாக்ஸ் வந்தது. நிற்காத சுவிட்சில் தீக்குச்சி செருகப்பட்டது. காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் இடுக்கில் மடித்த காகிதம், இறங்காத தாழ்ப்பாளுக்கு ஒரு கயிறு, குழாய்க்கு நூல். அவர் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்: "எங்க வீட்டுல ஒரு பிரச்சினையும் கிடையாது. எல்லாத்துக்கும் அவ ஒரு யோசனை வச்சிருப்பா." நல்லாயிருக்கிறதில்லையா? வைத்தியன் பெண்டாட்டி கைவைத்தியம் பார்த்துக்கொண்ட கதை.

ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. முதல் தடவை பாத்திரம் கழுவிய கையோடு கைப்பிடியைத் தொட்டாள். சுரீரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னாள்.

"லேசாத்தானே அடிக்குது. எர்த் லூசா இருக்கும். நாளைக்குப் பாக்கறேன்" என்றார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அக்கா தன் புத்தியைக் காட்டினாள். ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாள். கடையிலிருந்து கெட்டித் துணியைக் கொண்டுவந்து நான்காக மடித்துத் தைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டினாள். விரிப்பின்மேல் நின்று, துணியால் பிடித்துத் திறக்க வேண்டும். வீட்டில் மகளையும் சேர்த்து மூன்றே பேர். மூன்று பேருக்கும் பழகிவிட்டது. அதற்கப்புறம் அவள் நினைவுபடுத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்படியே ஓடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை தங்கை போன் பண்ணினாள். பித்தப்பையில் கல், ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள், குழந்தையைப் பதினைந்து நாள் அக்காவிடம் விட வேண்டும்.

"ஞாயித்துக்கெழம காலையில அவங்கப்பா கொண்டுவந்து விடுவாருக்கா. ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா. ஐஸ் மட்டும் கேப்பா. பல்லு கூசாதோ என்னவோ, கடிச்சுத் தின்னுக்கிட்டே இருப்பா. கேக்கக்கூட மாட்டா, தானே போய் எடுத்துக்குவா."

அக்கா போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாள். ஐந்து வயசுக் குழந்தை. வீட்டுக்குள் செருப்புப் போடாது. எந்த நேரமும் விரலை வாயில் வைத்துச் சப்புகிற குழந்தை. ஈரக் கை. கொக்கியில் தொங்குகிற துணி அதன் தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஃபிரிட்ஜ் சரியாக வேண்டும். வேறு பேச்சே இல்லை.

அன்று சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஆமா, குழந்தை வருதுல்ல. பாத்துடுவோம்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்கு முடியலைன்னா?"

"முடியலைன்னா குழந்தை இருக்கற வரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வச்சிடு. இல்லன்னா கைப்பிடியில ஒரு கயிறு கட்டு. உனக்கா சொல்லித்தரணும்? நீதான் யோசனைக்காரி ஆச்சே."

அவருக்கு அது பாராட்டு. அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கி வைக்கலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. போனை வைத்ததுமே தோன்றியதுதான். அவர் வாயால் கேட்டபோதுதான் எரிந்தது. அவள் மூளையில் விளைந்ததை எடுத்து அவள் தலையிலேயே கட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை மகள் கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்மா. அவங்கம்மா ஃபிரிட்ஜுலேர்ந்து தண்ணி எடுத்துக்கச் சொன்னாங்க. நான் சட்டை நுனியால பிடிச்சுத் தெறந்தேன். அவங்க பாத்துட்டு, 'ஏம்மா, எங்க ஃபிரிட்ஜ் அழுக்கா இருக்கா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுல ஷாக் அடிக்கும் ஆன்ட்டி, அதனால பழகிடுச்சுன்னு சொன்னேன். உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சொன்னியா?"

"டிரைவர்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது. முதலில் அவர்மேல் கோபம். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றபோது தன்மேலும் கோபம் வந்தது. யோசனையில் இரண்டு வகை உண்டு என்பது இத்தனை நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போடுவது வேலையைக் குறைக்கும். குழாயில் நூல் கட்டுவது, வேலை செய்ய வேண்டியவரைக் காப்பாற்றும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இவள் இருபது வருஷமாக வீட்டை அழவே விடவில்லை. வாயைப் பொத்திப் பொத்தி வைத்தாள். அந்த அமைதியில் ஒருத்தர் செய்தித்தாள் படித்தார்.

சரி, அழட்டும் என்று முடிவு பண்ணினாள்.

புதன்கிழமை காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆரம்பித்தாள். குழாயிலிருந்த நூலைக் கத்தரித்தாள். ஜன்னல் இடுக்கிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். அவர் உட்காரும் நாற்காலியின் காலிலிருந்து சாக்ஸை உருவினாள். தாழ்ப்பாளின் கயிறு, சுவிட்சின் தீக்குச்சி, அவர் வேலைப் பையின் ஜிப்பில் இழுப்பானுக்குப் பதிலாக மாட்டியிருந்த காகித கிளிப், ஒன்று பாக்கியில்லை. இழுப்பறையின் மெழுகைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பதினாறு வருஷம் தையல் பிரித்த கை, பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். ஃபிரிட்ஜின் துணியை மட்டும் தொடவில்லை. கோபம் வேறு, கொலை வேறு.

அவர் வந்து உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, டீ மேசையில் சிந்தியது. ஜன்னல் படபடவென்று அடித்தது. டக், டக், டக் என்று குழாய் தன் இருபது வருஷக் கதையைச் சொல்லத் தொடங்கியது. பையை மூட ஜிப்பைத் தேடினார், காணோம்.

"என்னாச்சு இன்னிக்கு வீட்டுக்கு?" என்றார்.

"வீடு இப்படித்தாங்க. நீங்க இப்பதான் பாக்கறீங்க" என்றாள் அக்கா.

மனுஷன் இனிமேல் தாங்கமாட்டார், நாளைக்கே ஸ்க்ரூடிரைவரை எடுப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். இங்கேதான் அக்காவின் கணக்குத் தப்பியது. அவரும் அதே வீட்டில் இருபது வருஷம் இருந்தவர் அல்லவா? வியாழக்கிழமை காலையில் பார்த்தால், குழாய்க்கு அடியில் ஒரு பழைய பஞ்சு கிடந்தது. சொட்டு அதன்மேல் விழுந்தது, சத்தம் இல்லை. நாற்காலியை நகர்த்தி, சாய்கிற கால் சுவர்ப் பக்கம் போகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையின் ஜிப்பில் ஒரு சாவி வளையம் மாட்டியிருந்தது. அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"உன்கூட இருந்து இருந்து எனக்கும் யோசனை வந்துடுச்சு பாரு."

அக்கா கடைக்குக் கிளம்பிவிட்டாள். நின்று பதில் சொல்லியிருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கடைக்கு எதிரே உள்ள எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். விலாசத்தைக் கேட்டதும் அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அண்ணன் வீடா? வேணாம்க்கா. அண்ணன் வீட்டுல நான் கை வச்சா, நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது? அண்ணன்கிட்ட சொல்லுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாரு."

ஊரில் எல்லா வாசலும் இப்படி அண்ணனுக்காக அடைத்துக்கொண்டால் அண்ணியார் எங்கே போவது? அன்று பிற்பகல் முழுக்க அக்கா தைத்த தையல் எல்லாம் கோணியது. ஒரு பேன்ட்டை நாலு விரல் அதிகமாக வெட்டிவிட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அது ஒன்றும் யோசனை இல்லை. எல்லாரும் செய்வதுதான். இத்தனை நாள் அவள்தான் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கணவரின் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், என்ன பழுதுங்க?" என்றது ஒரு பெண் குரல். புகார்களை எழுதி, ஆளுக்குச் சீட்டு கொடுக்கிற அம்மாள்.

"ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்குது."

"விலாசம் சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பக்கம் பேனா நின்றது.

"இது நம்ம 'பத்து நிமிஷம்' அண்ணன் வீடாச்சே?"

"ஆமா. அந்த ஏரியாவுக்கு அவர்தானே வருவாரு? அவரையே அனுப்புங்க. குழந்தை வருது, அவசரம்னு போடுங்க."

அந்த அம்மாள் சிரிப்பாள், அல்லது விஷயத்தை அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை வைப்பாள் என்று அக்கா காத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பெயின்டர்" என்றாள் அந்த அம்மாள், மெதுவாக. "எங்க வீட்டுச் சுவரை நீங்க வந்து பாக்கணும். ரெண்டு மணிக்கு அனுப்பறேன். சீட்டுல கையெழுத்து வாங்காம அவர் திரும்ப முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிஷத்துக்கு மணி அடித்தது. சாவி வைத்திருக்கிற மனிதர் மணி அடித்தார். கதவைத் திறந்தாள். கம்பெனிச் சட்டை, தோளில் பை, கையில் சீட்டு. முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன விளையாட்டு இது?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எதிர் வீட்டு டீச்சர் சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"புகார் குடுத்திருந்தேன். கம்பெனியிலேர்ந்து வர்றீங்களா? ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் முடிக்காமல் திருப்பிய சீட்டு ஒன்றுகூட இல்லை. அது அவருக்கு உயிர். ஷூவைக் கழற்றினார்.

அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. பார்க்க எங்கே வாய்த்தது? பையிலிருந்து சுத்தமான துணி ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார். அதன்மேல் கருவிகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் வைத்தார். டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜின் கதவோரம் வைத்தார். டெஸ்டரின் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"லேசாத்தான் அடிக்குது இல்லீங்களா?" என்றாள் அக்கா, நாற்காலியிலிருந்து.

அவர் எழுந்து போய் மெயினை அணைத்தார். ஃபிரிட்ஜை ஒரு குழந்தையை நகர்த்துகிற மாதிரி தரையில் கோடு விழாமல் நகர்த்தினார். பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டார் அதிர்ந்து அதிர்ந்து ஒரு ஒயர் இரும்புத் தகட்டில் உரசி, தோல் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புது ஒயரைச் சேர்த்து, மேலே பிளாஸ்டிக் உறையை ஏற்றினார். சுவரிலிருந்த பிளக் பாயின்டைத் திறந்தார். எர்த் ஒயர் ஸ்க்ரூவிலிருந்து நழுவித் தனியாக நின்றது. அதைச் செருகி முடுக்கினார். மெயினைப் போட்டார். டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை. உள்ளங்கையைக் கதவில் முழுசாக வைத்துக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க" என்றார். எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், 'ங்க' தானாக வந்துவிட்டது.

அக்கா தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆரம்பித்தது இரண்டு ஏழு. இப்போது இரண்டு பதினெட்டு.

பழசைக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். வெட்டியெடுத்த ஒயர்த் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தீக்குச்சி நீளம்கூட இல்லை. அக்கா அதை வாங்கித் தன் குண்டூசி டப்பாவில் போட்டுக்கொண்டாள். சீட்டை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே இரண்டு கேள்விகள் அச்சடித்திருந்தன. பழுது எத்தனை நாளாக உள்ளது? எட்டு மாதம் என்று எழுதினாள். இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா? அக்கா பேனாவை நன்றாக அழுத்தி எழுதினாள்: 'உங்கள் ஆளிடமே. நாற்பது தடவை.'

அவர் அதைப் படித்தார். கழுத்து சிவந்தது.

"இதை எப்படி ஆபீஸ்ல குடுக்கறது? என் மானத்தை வாங்கணும்னே பண்றியா?"

"மானம் ஆபீஸ்லதான் இருக்கா? இந்த வீட்டுல உங்களுக்கு மானமே கிடையாதா?" அக்கா எழுந்துவிட்டாள். குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆத்திரத்தில் வருகிற தண்ணீர்தான், துடைக்கவும் இல்லை. "பதினோரு நிமிஷம் ஆச்சுங்க. கடிகாரம் பாத்தேன். பதினோரு நிமிஷம் உங்களுக்கு எட்டு மாசமாக் கிடைக்கல. நம்ம பொண்ணு அடுத்தவங்க வீட்டுல சட்டையால ஃபிரிட்ஜைத் தெறக்கறா. அப்பா டிரைவர்னு சொல்லிட்டு வர்றா. துணி விரிச்சு, தரையில கோடு விழாம நகர்த்தி, இவ்வளவு பதமா வேலை செய்யறீங்களே, இந்த ஆளை ஒரு நாளாவது எனக்குக் காட்டினீங்களா? எனக்கு ஒரு சீட்டு வேணுமா, நீங்க வர்றதுக்கு?"

அவர் கருவிகளைத் துடைத்துத் துடைத்துப் பையில் வைத்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு, சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எதிர் வீட்டு டீச்சர் கதவைச் சாத்துகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. சாயங்காலம் வந்தவர் சாப்பிட்டார், படுத்தார். ஒரு வார்த்தை இல்லை. சமாதானத்துக்கு அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. இருந்தாலும் தருவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை வந்தது. தோளில் ஒரு குட்டிப் பை, முன்பல் ஒன்று இல்லை. உள்ளே நுழைந்த வேகத்தில் செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, "பெரிம்மா, ஐஸ் இருக்கா?" என்று கேட்டது. பதிலுக்கு நிற்கவில்லை. வாயிலிருந்து விரலை எடுத்து, அந்த ஈரக் கையாலேயே ஃபிரிட்ஜ் கதவைப் பற்றி இழுத்தது. அக்கா அடுப்படியிலிருந்து பாய்ந்தாள். கையில் தட்டு இருந்தது, அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை ஐஸ் தட்டை எடுத்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் கோபம் இன்னும் கூடியது. நேற்று சனிக்கிழமை அவள் போன் போடாமல் இருந்திருந்தால்? பிளக்கைப் பிடுங்கி வைத்து, யாராவது மறந்துபோய்ச் செருகியிருந்தால்? நினைக்க நினைக்க நெஞ்சு கொதித்தது. அன்று அவள் யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி ஜன்னல் ஆடுகிறது என்று கேட்டு வந்தாள். "ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் சீக்கிரமே வந்தார். யாரும் கேட்காமல் குழாயைப் பிரித்து வாஷரை மாற்றினார். கம்பெனியில் போன் எடுக்கிற அம்மாள், "உங்க வீட்டுக்காரம்மா அடுத்த புகார் எப்பண்ணே குடுப்பாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாளாம். அவர் போனில் யாரிடமோ சொல்லிப் புலம்பியதைக் கேட்டு மகள் வந்து அக்காவின் காதில் சொன்னாள். அக்கா குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். சொட்டவில்லை. அதற்காக உச்சி குளிர்ந்துவிடவில்லை அவளுக்கு.

புதன்கிழமை இரவுச் சாப்பாடு. அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் குழந்தை. மகள் தட்டுகளை வைத்தாள். அக்கா பால் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனாள். விரிப்பின்மேல் நின்றாள். கொக்கியிலிருந்து துணியை எடுத்து, கைப்பிடியைப் பிடித்துத் திறந்தாள். சரியாகி ஐந்தாவது நாள். கை இன்னும் நம்பவில்லை.

குழந்தை விரலை வாயிலிருந்து எடுத்தது.

"பெரிம்மா, ஏன் துணி வச்சுத் தெறக்கறீங்க? ஃபிரிட்ஜ் அழுக்கா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பால் பாத்திரத்தோடு திரும்பினாள். நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது: ஆமாடா கண்ணு, அழுக்கு. இருபது வருஷமாகச் சொன்ன மாதிரி இதையும் சொல்லி மூடிவிடலாம். எல்லாரும் சாப்பிடலாம்.

"பெரியப்பாகிட்ட கேளு" என்றாள்.

குழந்தை பெரியப்பா பக்கம் திரும்பியது. "ஏன் பெரிப்பா?"

அவர் கை தட்டில் நின்றது. "அது வந்து... நா..." என்று ஆரம்பித்தார். அக்கா பாலை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே நின்றாள். அந்த 'நா' எந்த வார்த்தையின் தலை என்று அந்த மேசையில் குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவர் அதை விழுங்கினார்.

"ஃபிரிட்ஜ் ஷாக் அடிச்சுதுடா" என்றார். "பெரியப்பா ஒரு ஒயரை மாத்தணும். எட்டு மாசமா மாத்தல. அதனால பெரிம்மாவுக்குத் தொடவே பயமாப் போச்சு."

குழந்தை யோசித்தது. எட்டு மாசம் என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆனால் பெரியது என்று புரிந்தது.

"ரொம்பப் பெரிய ஒயரா?"

அவர் வலது கையைத் தட்டிலிருந்து எடுத்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவு."

"அதைவிடச் சின்னது" என்றாள் அக்கா.